மூக்கு ஸ்பிரேயும் மனச்சோர்வு மாத்திரையும்: சேர்த்துப் பயன்படுத்தும் முன் செய்ய வேண்டியவை

ஓசூர், சூளகிரிப் பக்கம் மார்கழிப் பனி இறங்கத் தொடங்கினால் தும்மலும் மூக்கடைப்பும் கூடவே வந்துவிடுகின்றன. கிரானைட் பட்டறைத் தூசி, சாலையோரம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தின் மகரந்தம், பழைய மெத்தையின் தூசு என்று இங்கே ஒவ்வாமைக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. இப்படி அவதிப்படுபவர்களில் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்களும் உண்டு. "இந்த மாத்திரை சாப்பிடும்போது மூக்கில் ஸ்பிரே அடிக்கலாமா?" என்ற கேள்வியை அவர்கள் மருந்துக் கடையில் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள், பலர் கேட்பதே இல்லை. ஒவ்வாமைக்குத் தினமும் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே பெரும்பாலான மனச்சோர்வு மாத்திரைகளோடு மோதுவதில்லை என்பதையும், அடைப்பைச் சில நிமிடங்களில் திறந்துவிடும் மருந்தைத்தான் கவனிக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படி 1: மருந்தின் மூலப்பெயரைக் கண்டுபிடியுங்கள்

வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே அல்லது பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர், நமக்கு வேண்டியதும் அதுவே. ஓட்ரிவின் என்ற பெயரில் சைலோமெட்டசோலின் மருந்தும் வருகிறது, வெறும் உப்புநீரும் வருகிறது என்பதால் கம்பெனிப் பெயரை மட்டும் நம்புவதில் பயனில்லை.

மாத்திரையில் வேறொரு சிக்கல் இருக்கிறது. நான்கு மாத்திரை போதும் என்று கேட்டால் கடையில் பட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். அந்தத் துண்டில் பெயரின் கடைசி மூன்றெழுத்தும் பாதித் தேதியும்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே முழுப் பட்டையாக வாங்குங்கள், இல்லையென்றால் பில்லில் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

படி 2: ஸ்பிரே எந்த வகை என்று பாருங்கள்

ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசோனைட் ஆகியவை ஸ்டீராய்டு வகை. மூக்கில் அடிக்கும் ஃப்ளூட்டிகசோன் புரோப்பியோனேட்டில் 2 சதவீதத்துக்கும் குறைவான அளவே இரத்தத்தில் கலக்கிறது; மொமெட்டசோன் இன்னும் குறைவு. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பயந்துபோய்ச் சிலர் இதை ஒதுக்கிவிட்டு, கடையில் எளிதாகக் கிடைக்கும் அடைப்பு நீக்கிக்கு மாறுகிறார்கள். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவருக்கு அது நல்லதை விட்டு அபாயமானதைப் பிடிப்பது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அசெலாஸ்டின் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்து. இது தனியாகவும், ஃப்ளூட்டிகசோனுடன் சேர்ந்தும் வருகிறது. அடித்ததும் தொண்டையில் கசக்கும், சிலருக்குத் தூக்கம் வரும்.

ஆக்ஸிமெட்டசோலினும் சைலோமெட்டசோலினும் அடைப்பு நீக்கிகள். இவை மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் மூச்சைத் திறந்துவிடும். உப்புநீர் ஸ்பிரே எந்த மாத்திரையோடும் மோதாது.

படி 3: மாத்திரை எந்த வகை என்று பாருங்கள்

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸிடின், பராக்ஸிடின் ஆகியவை மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை மட்டும் கூட்டும் வகை. வென்லாஃபாக்ஸின், டெஸ்வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸிடின் ஆகியவை செரட்டோனினோடு, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளையும் கூட்டும். அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், இமிப்ரமின் ஆகியவை டிரைசைக்ளிக் என்ற பழைய வகை.

இந்த இடத்தில்தான் பலர் தவறவிடுகிறார்கள். நீரிழிவால் வரும் பாத எரிச்சலுக்கும், ஒற்றைத் தலைவலிக்கும், நாள்பட்ட நரம்பு வலிக்கும் அமிட்ரிப்டிலினோ டுலாக்ஸிடினோ தரப்படுவது வழக்கம். அதைச் சாப்பிடுபவர் "எனக்கு மனச்சோர்வு கிடையாது, இது நரம்பு மாத்திரை" என்று சொல்லிவிட்டு அடைப்பு நீக்கியை வாங்கிப் போய்விடுவார். எதற்காகச் சாப்பிட்டாலும் மருந்து ஒன்றுதான், மோதலும் ஒன்றுதான்.

எம்.ஏ.ஓ. தடுப்பான்கள் (நார்அட்ரினலின் போன்றவற்றைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ. என்ற நொதியைத் தடுப்பவை) என்ற இன்னொரு வகையை மனச்சோர்வுக்கு இன்று அரிதாகவே எழுதுகிறார்கள். ஆனால் பார்கின்சன் நோய்க்குத் தரும் செலிஜிலின், ரசாஜிலின் ஆகியவற்றுக்கும், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் லினிசோலிட்டுக்கும் அந்தக் குணம் உண்டு.

படி 4: இரண்டையும் பொருத்திப் பாருங்கள்

அடைப்பு நீக்கி, உடலின் நார்அட்ரினலின் செய்யும் வேலையையே செய்கிறது. மூக்கில் அடித்தாலும் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கும். எம்.ஏ.ஓ. தடுப்பான் அந்த நார்அட்ரினலினை உடல் சிதைத்து அகற்றுவதைத் தடுத்திருக்கும் நிலையில், மேலும் ஒரு தூண்டல் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம். எனவே இந்த வகை மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்திய பின் 14 நாள் வரையிலும் அடைப்பு நீக்கியைத் தொடக் கூடாது. டிரைசைக்ளிக் வகையோடும் இரத்த அழுத்தம் எகிறலாம் என்பதால் அடைப்பு நீக்கி பரிந்துரைக்கப்படுவதில்லை. வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸிடின் போன்றவை தாமாகவே இரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தக்கூடியவை என்பதால், அவற்றைச் சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் அடைப்பு நீக்கியை வாங்க வேண்டாம்.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் வகையோடு மூன்று நாளைக்கு அடைப்பு நீக்கி அடிப்பதில் பொதுவாகப் பெரிய மோதல் இல்லை. இரத்த அழுத்தமோ இதய நோயோ இருப்பவர்கள் மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு தேடி வந்து பார்க்கும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லலாம். யாராக இருந்தாலும் ஐந்து நாளைத் தாண்டி அடைப்பு நீக்கியைத் தொடர்ந்தால், மருந்தின் வேகம் இறங்கியதும் முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். பிறகு அந்தக் குப்பி இல்லாமல் தூங்க முடியாது என்ற நிலை வந்துவிடும்.

அசெலாஸ்டினை அமிட்ரிப்டிலின் அல்லது மிர்ட்டாசபின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்தால் தூக்கக் கலக்கம் கூடும். இரவு ஷிப்டு முடித்துத் தேசிய நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டி வருபவர்களும் தொழிற்பேட்டையில் இயந்திரம் இயக்குபவர்களும் இதை மருத்துவரிடம் சொல்லியே தீர வேண்டும். மது இதை மேலும் மோசமாக்கும்.

படி 5: சரியாக அடியுங்கள்

குப்பியைக் குலுக்குங்கள். புதிய குப்பியென்றால் மென்மையான புகைபோல வரும்வரை காற்றில் அடித்துப் பாருங்கள். தலையை லேசாக முன்னால் சாய்த்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடியுங்கள். அப்போதுதான் முனை நடுச்சுவரை விட்டு விலகிக் காதுப் பக்கம் திரும்பும். அடிக்கும்போது மெதுவாக மூச்சை இழுங்கள், உறிஞ்ச வேண்டாம்.

நடுச்சுவரில் அடித்தால் அங்கே புண்ணாகி இரத்தம் கசியும். எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள் இரத்தத்தை உறைய வைக்க உதவும் தட்டணுக்களின் வேலையைச் சற்று மந்தப்படுத்துவதால், அவற்றைச் சாப்பிடுபவர்கள் இந்தக் கை மாற்றிப் பிடிக்கும் முறையை விடாமல் பின்பற்ற வேண்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தர ஓரிரு வாரம் ஆகலாம் என்பதால், இரண்டாம் நாளே பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

படி 6: கூடவே வாங்கும் சளி மருந்தையும் பாருங்கள்

ஸ்பிரே வாங்கும்போது ஒரு சளி மாத்திரையும் இருமல் மருந்தும் சேர்த்து வாங்குவது நம் வழக்கம். உண்மையில் ஸ்பிரேயைவிட இவற்றில்தான் மோதல் அதிகம். இருமல் மருந்தில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருந்தால், அது மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்து செரட்டோனினை அளவுக்கு மீறிக் கூட்டலாம். பராக்ஸிடினும் ஃப்ளூவாக்ஸிடினும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உடலில் சிதைவதையும் தடுக்கின்றன. சளி மாத்திரையில் உள்ள ஃபினைல்எஃப்ரின் அடைப்பு நீக்கியின் உறவினன். படி 4-இல் சொன்ன எச்சரிக்கைகள் அதற்கும் பொருந்தும்.

ஒவ்வாமைக்கு அடிக்கடி எழுதப்படும் மான்டிலுகாஸ்ட், மனநிலை மாற்றத்தையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் தன் உச்சபட்ச எச்சரிக்கையை விடுத்தது. உங்களுக்கு மனச்சோர்வு இருப்பதைக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் அறிந்திருந்தால்தான், அந்த மாத்திரை வேண்டுமா என்பதை அவர் எடைபோட முடியும்.

படி 7: இவை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்

அடைப்பு நீக்கி அடித்த பின் மண்டையைப் பிளக்கும் தலைவலி, நெஞ்சுவலி, கடும் படபடப்பு வந்தாலும், இருமல் மருந்துக்குப் பிறகு நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசை விறைப்பு, குழப்பம் சேர்ந்து வந்தாலும் 108-ஐ அழையுங்கள். போகும்போது குப்பியையும் பட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். மனம் கனத்து, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மோதல் இருப்பதாகத் தெரிந்தால் ஸ்பிரேயை நிறுத்துங்கள், மனச்சோர்வு மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைச்சுற்றல், குமட்டல், தூக்கமின்மை வரும், நோயும் திரும்பலாம். மருத்துவரைப் பார்க்கும் வரை உப்புநீர் ஸ்பிரேயால் சமாளிக்கலாம். கடையில் கூட்டம் இருப்பதால் மாத்திரையின் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மருந்தாளுநரிடம் நீட்டுங்கள், "இதோடு இந்த ஸ்பிரே சேருமா?" என்ற கேள்வியையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.