கருக்கலைப்பு: வருவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்
அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமா அக்கா?" வேண்டாம். 18 வயது நிரம்பியிருந்தால் உங்கள் கையெழுத்து மட்டும் போதும், கல்யாணம் ஆகாதவர்களுக்கும் அப்படித்தான். கருத்தடை தவறிப்போனதும் சட்டம் ஏற்கிற காரணம்தான்.

கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியோடு வாருங்கள். வாரக் கணக்கு அங்கிருந்துதான். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல். 24 வரை, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் போன்ற சிலருக்கு, இரண்டு டாக்டர்கள்.

9 வாரத்துக்குள் என்றால் மாத்திரை: முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கரு கர்ப்பப்பைக்குள் வராமல் சினைக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்கேன். 12 வாரம் வரை உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டு, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மாத்திரைக்கு அப்புறம் வயிற்றுவலியும் ரத்தப்போக்கும் வரத்தான் செய்யும். ஆனால் ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே என்றால், நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.