ஒரு போர்டு பெயிண்டரோடு சாந்தா மரியா நொவெல்லா

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாற்பது வருஷம் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தும் கடை, லாரிக் கதவு, தோட்டத்து மாரியம்மன் கோயில் சுவர், கெபியில் நிற்கும் மாதா சுரூபத்துக்கு நீலம் அடிப்பது என்று எதையும் விட்டதில்லை. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் பேனர். ஒரு பையனும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் போதும். கை சும்மா இருந்த நேரத்தில்தான் மகள் என்னை இத்தாலிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார்: "அண்ணே, ரோமுக்குப் போறோம். ஒரு நாள் ஃபுளோரன்ஸ். அங்க எதப் பாக்கலாம்?" சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

சாந்தா மரியா நொவெல்லா மாதா கோயிலைப் பாருங்கள். ரோமிலிருந்து வேக ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கும் நிலையத்தின் பெயரே அந்தக் கோயிலின் பெயர்தான். வெளியே வந்து சாலையைக் கடந்தால் கோயில். கால் வலி உள்ளவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது. ஆனால் நிலையத்திலிருந்து உங்கள் கண்ணில் படுவது அதன் முதுகு. பழுப்புக் கல், பெரிதாக ஒன்றுமில்லை. "இதுக்கா வந்தோம்" என்று என் மருமகன் கேட்டார். பேசாமல் சுற்றிக்கொண்டு முன்பக்கச் சதுக்கத்துக்குப் போங்கள்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ஒரு சுற்றுலாக் குழுவோடு சேர்ந்து, குடையைத் தூக்கிப் பிடித்த ஒரு பெண்ணின் பின்னால் நாற்பது நிமிஷம் ஓடினேன். எந்தப் படத்துக்கு முன்னால் நின்றோம் என்பதே நினைவில்லை. மடத்து உள்முற்றங்கள் பக்கம் அழைத்துப் போகவே இல்லை. இரவில் மகள் போனில் படம் காட்டியபோதுதான் பாதிக் கோயிலைப் பார்க்காமல் வந்தது தெரிந்தது. மறுநாள் இன்னொரு சீட்டு வாங்கிப் போனோம். கோயிலுக்கும் முற்றங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டுதான். ஆகவே முழுசாகப் பார்த்துவிட்டு வாருங்கள். குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பார்வையாளர்களை உள்ளே விடுவது தாமதமாகத்தான், கிளம்புமுன் அவர்களுடைய இணையப் பக்கத்தில் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். நம் பெண்களுக்கு அதில் சிரமமில்லை, அரைக்கால் சட்டையோடு அலையும் ஆண்களுக்குத்தான் சொல்கிறேன். ஒரு சின்னப் பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல சித்திரமெல்லாம் உயரத்தில் இருக்கிறது.

சதுக்கத்தில் நின்று முகப்பைப் பாருங்கள். வெள்ளைக் கல்லும் பச்சைக் கல்லும் மாறி மாறிப் பதித்தது. தொமினிக்கன் துறவிகளின் கோயில் இது. நம் பக்கம் சாமிநாதர் சபை என்பார்கள். 1221இல் இந்த இடம் அவர்கள் கைக்கு வந்தது. கட்டுவதற்குப் பல தலைமுறை ஆனது. முகப்பின் மேல்பாதியை முடித்துக் கொடுத்தவர் லியோன் பத்தீஸ்தா அல்பெர்த்தி, பணம் போட்டவர் ஜொவான்னி ருச்செல்லாய் என்ற வணிகர். உச்சியில் முக்கோணத்துக்குக் கீழே ஓர் எழுத்து வரிசை ஓடுகிறது பாருங்கள். அவருடைய பெயர், அப்பா பெயர், 1470 என்ற வருஷம், எல்லாம் லத்தீனில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் கோயிலில் டியூப் லைட்டில் 'உபயம்' எழுதி, வெளிச்சமே வெளியே வராமல் அடைப்போமே, அதே கதை! எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவன் என்பதால் சொல்கிறேன், அந்த எழுத்தை வெட்டியவன் கைகாரன். அவ்வளவு உயரத்தில் இருந்தும் ஓர் எழுத்துகூடக் கண்ணை உறுத்தவில்லை.

அதே முகப்பில் இரண்டு வானியல் கருவிகள் இருக்கின்றன. இன்யாத்சியோ தாந்தி என்ற தொமினிக்கன் துறவி 1570களில் பொருத்தியவை. சூரியனை அளந்து, பழைய நாட்காட்டி பல நாள் பிசகிக் கிடக்கிறது என்று காட்டியவர். 1582இல் போப்பாண்டவர் கிரகோரி பத்து நாளை ஒரேயடியாக நீக்கி நாட்காட்டியைத் திருத்தினார், அந்தத் திருத்தத்துக்கு உழைத்தவர்களில் இவரும் ஒருவர். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் குதிரைக் காலண்டருக்கும் இந்தச் சுவருக்கும் உறவு உண்டு.

உள்ளே போனதும் நடக்காதீர்கள். வாசலிலேயே நின்று பீடத்தை நோக்கிப் பாருங்கள். கோயில் உண்மையில் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். போகப் போகத் தூண்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். லாரிப் பக்கத்தில் எழுதும்போது கடைசி எழுத்துகளை நெருக்கி நானும் ஏமாற்றியிருக்கிறேன், ஆனால் அது இடம் போதாமல் செய்தது!

நடுவில் மேலே தொங்கும் பெரிய பாடுபட்ட சுரூபம் ஜொத்தோ இளவயதில் வரைந்தது, பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. மரப்பலகையில் தீட்டிய ஓவியம்தான். உடம்பின் கனம் கீழே இழுப்பதைப் பாருங்கள். அதற்கு முன்பு அங்கே வரைந்தவற்றில் ஆண்டவர் சிலுவையில் தொங்குவதுபோலவே இருக்காது.

அப்புறம் இடதுபக்கச் சுவர். இங்கேதான் நீங்கள் அரை மணி நேரம் செலவழிக்க வேண்டும். மசாச்சோ வரைந்த திரித்துவம், அதாவது பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் சேர்ந்த சித்திரம், ஏறத்தாழ 1427. அதை முடித்த கொஞ்ச காலத்திலேயே, முப்பது வயதுகூட ஆகாமல், 1428இல் செத்துப்போனார். சமதளச் சுவர்தான். ஆனால் அதற்குள் ஒரு மண்டபம் பின்னோக்கிப் போகிறது, கையை விட்டால் உள்ளே போகும்போல இருக்கிறது. கிட்டே போகாமல் நாலைந்து எட்டு பின்னால் நில்லுங்கள். கூரைக் கட்டங்களின் கோடுகளெல்லாம் ஓடிவந்து சேரும் புள்ளி சிலுவையின் அடிப்பக்கம், நிற்பவர் கண் மட்டத்தில் இருக்கும். சுவரில் ஆணி அடித்து, நூல் கட்டி, இழுத்து அடித்துக் கோடு போட்டிருக்கிறார். மாதாவின் முகத்தில் கட்டம் கீறிய தடம்கூட உண்டு. கட்டம் போட்டுப் பெரிதாக்குவதும் நூல் அடிப்பதும் எனக்குப் பதினாறு வயதில் என் குரு தலையில் குட்டிக் கற்றுக்கொடுத்த வேலை. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் செய்தவனும் அதே நூலைத்தான் பிடித்திருக்கிறான் என்று தெரிந்தபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், கண் கலங்கிவிட்டது.

இந்த வகைச் சித்திரம் எப்படிச் செய்வது என்று தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதே வேறு. சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசி, பூச்சு ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் கரைத்த நிறத்தை வைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றை உறிஞ்சிக் கல்லாக இறுகும்போது நிறமும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். பசை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஆனால் காய்ந்துவிட்டால் திருத்த முடியாது. அதனால் அன்றைக்கு எவ்வளவு முடிக்க முடியுமோ அவ்வளவுதான் பூசுவார்கள். மறுநாள் பூச்சு முந்தினநாள் பூச்சோடு சேரும் இடத்தில் மெல்லிய மேடு தெரியும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பிடிபடும். ஒரு தலைக்கு ஒரு நாள், வெறும் வானம் என்றால் பெரிய துண்டு ஒரே நாளில். நம் ஆட்களுக்கு இது புரியும். நாள் கூலிக் கணக்கு சுவரிலேயே இருக்கிறது.

சித்திரத்தின் அடியில் ஓர் எலும்புக்கூடு படுத்திருக்கிறது. மேலே பழைய இத்தாலியத்தில் எழுதியிருப்பது: நீங்கள் இருப்பதுபோல் நானும் இருந்தேன், நான் இருப்பதுபோல் நீங்களும் ஆவீர்கள். தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்ட வாசல்களில் 'இன்று நான், நாளை நீ' என்று எழுதியிருப்பார்கள் அல்லவா, அதேதான். பதினாறாம் நூற்றாண்டில் இந்தச் சித்திரத்துக்கு முன்னால் ஒரு பீடத்தைக் கட்டி மறைத்துவிட்டார்கள். சுமார் முந்நூறு வருஷம் யாரும் பார்க்கவில்லை. எலும்புக்கூடும் மேல்பாதியும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது 1952இல்தான்.

பெரிய பீடத்துக்கு இடதுபக்கச் சிற்றாலயத்தில் மரத்தில் செதுக்கிய பாடுபட்ட சுரூபம் ஒன்று இருக்கிறது. ப்ரூனெல்லெஸ்கி செய்தது. அதற்கு ஒரு கதை சொல்வார்கள். நண்பர் தொனாத்தெல்லோ செய்த சுரூபத்தைப் பார்த்து, "ஒரு குடியானவனைச் சிலுவையில் ஏற்றிவிட்டாயே" என்றாராம் இவர். "அப்படியானால் கட்டையை எடுத்து நீயே செய்" என்றாராம் அவர். இவரும் சத்தமில்லாமல் செய்து முடித்து, ஒருநாள் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாராம். மடியில் முட்டையும் பாலாடைக்கட்டியும் கட்டிக்கொண்டு வந்த தொனாத்தெல்லோ இதைப் பார்த்த அதிர்ச்சியில் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டாராம். தொழில்காரர்களுக்குள் நடப்பதுதான். என் போர்டைப் பார்த்து யாரும் முட்டையைக் கீழே போட்டதில்லை.

பீடத்துக்குப் பின்னால் உள்ள சுவர்கள் முழுக்க கிர்லாந்தாயோவும் அவருடைய பட்டறை ஆட்களும் 1485 முதல் 1490 வரை வரைந்தவை. ஒரு பக்கம் மாதாவின் வாழ்க்கை, எதிர்ப்பக்கம் ஸ்நாபக அருளப்பர். பைனாகுலரை இங்கே எடுங்கள். மாதா பிறந்த வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வருகிற பெண்கள் எல்லாரும் ஃபுளோரன்ஸ் பணக்கார வீட்டுப் பெண்கள், நகையும் பட்டும் பளபளக்க. செலவு செய்த தொர்னபுவோனி குடும்பத்தார் தங்கள் வீட்டாரையே வேதத்துக்குள் நிற்கவைத்துவிட்டார்கள். இதுவும் உபயம்தான். சிறுவன் மிக்கேலாஞ்சலோ இதே பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தது 1488இல். எந்தத் துண்டில் அவன் கை பட்டது என்று தேடாதீர்கள், கழுத்துதான் வலிக்கும். பக்கத்துச் சிற்றாலயங்களை நான் வேகமாகத்தான் கடந்தேன்.

இப்போது இடதுபக்கமாக வெளியே வாருங்கள். மடத்து உள்முற்றம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: செட்டிநாட்டு வீட்டு நடுமுற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் திறந்த வானம், நாலு பக்கமும் கூரை போட்ட தாழ்வாரம். துறவிகள் மழையில் நனையாமல் ஜெபித்துக்கொண்டே நடப்பதற்கு. முதல் முற்றத்துக்குப் பச்சை முற்றம் என்று பெயர். புல்லால் வந்த பெயரில்லை, சுவர்ச் சித்திரங்களில் பயன்படுத்திய பச்சை மண்ணால் வந்தது. விலை குறைந்த நிறம், ஒரே நிறத்தில் இருட்டும் வெளிச்சமும் காட்டியிருக்கிறார்கள். இங்கே பாவ்லோ உச்செல்லோ நோவாவின் வெள்ளத்தை வரைந்தார். பலகையும் பீப்பாயும் பிடித்துக்கொண்டு மனிதர்கள் தத்தளிக்கிறார்கள். 1966 நவம்பர் 4ஆம் தேதி ஆர்னோ ஆறு பெருகி நிஜ வெள்ளமே இந்த முற்றத்துக்குள் வந்தது. இரண்டு மாதம் கழித்து, 1967 தொடக்கத்தில், நம் கிளந்தான் பக்கம் பெருவெள்ளம். ரேடியோ பெட்டியைச் சுற்றி லயத்து ஜனமே உட்கார்ந்து கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. உச்செல்லோவின் சித்திரங்களைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துச் செப்பனிட்டிருக்கிறார்கள். மங்கலாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

இந்த முற்றத்தை ஒட்டி ஒரு பெரிய அறைக்கதவு திறந்திருக்கும். ஸ்பானியர் சிற்றாலயம் என்பார்கள். துறவிகள் கூடிப் பேசிய மண்டபம் இது. பதினாறாம் நூற்றாண்டில் தொலேதோவின் எலயோனோரா சீமாட்டியோடு வந்த ஸ்பானியர்களுக்குக் கொடுத்ததால் அந்தப் பெயர். அந்திரேயா தி பொனையூத்தோ 1365 வாக்கில் தரை முதல் கூரை வரை இடைவெளி விடாமல் வரைந்திருக்கிறார். வலதுபக்கச் சுவரின் அடியில் கறுப்பு வெள்ளை நாய்கள் ஓநாய்களைக் கடிப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தொமினிக்கன் என்ற பெயரை லத்தீனில் உடைத்தால் 'ஆண்டவரின் நாய்கள்' என்று வரும், அவர்கள் உடையும் கறுப்பு வெள்ளைதான். அதே சுவரில் ஃபுளோரன்ஸ் பேராலயம் குவிமாடத்தோடு நிற்கிறது. வரைந்தபோது அந்தக் குவிமாடம் கிடையாது! 1436இல்தான் முடிந்தது, முடித்தவர் நம் முட்டைக் கதை ப்ரூனெல்லெஸ்கி.

வெளியே வந்து தாழ்வாரத்தில் உட்காருங்கள். போனை உள்ளே வையுங்கள். இங்கே ரயில் சத்தம்கூட வராது. ரப்பர் பால் வெட்டு முடிந்து பத்து மணிக்குத் தோட்டத்தில் ஓர் அமைதி வருமே, கோப்பையில் பால் சொட்டுவது மட்டும் கேட்கிற மாதிரி, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. மருமகன்கூட வாய் திறக்கவில்லை.

கடைசியாக வயிற்று விஷயம். அந்தப் பக்கத்து ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். சப்பென்று இருக்கும். எலுமிச்சை ஊறுகாய் ஒரு புட்டி கொண்டுபோங்கள். கைப்பையில் மட்டும் வைக்காதீர்கள், என்னுடையது விமான நிலையத்துக் குப்பைத் தொட்டியோடு போய்விட்டது. பெரிய பெட்டியில், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, சட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம்.