ஒரு நிரலை அதன் சோர்ஸ் கோடிலிருந்து (மூல நிரல்வரிகளிலிருந்து) நிறுவும்போது எங்கே தடுக்கும்?

லினக்ஸில் பெரும்பாலும் மூன்றே கட்டளைகள்தான்: கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். முதலாவதிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். ஏதோ ஒரு லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் கோடு) இல்லை என்று சொல்லும். தேடிப் பார்த்தால் அது சிஸ்டத்தில் இருக்கும்! இருப்பது நிரல் ஓடத் தேவையான கோப்பு மட்டுமே. கம்பைல் செய்ய, அதாவது சோர்ஸ் கோடை ஓடக்கூடிய நிரலாக மாற்ற, அந்த லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் கோப்புகளும் வேண்டும். டெபியன், உபுண்டுவில் அந்த லைப்ரரியின் 'டெவ்' என முடியும் பேக்கேஜையும், ஃபெடோராவில் 'டெவெல்' என முடிவதையும் போட்டுவிட்டு மறுபடி கன்ஃபிகர் ஓட்டுங்கள். அப்போதும் காரணம் புரியவில்லையா? அதே ஃபோல்டரில் கன்ஃபிக் டாட் லாக் கோப்பு இருக்கும். எந்தச் சோதனை தோற்றது, கம்பைலர் என்ன சொன்னது என்று வரிக்கு வரி அதில் பதிவாகியிருக்கும்.

மேக்குடன் ஜே ஆப்ஷனில் 4 கொடுத்தால் நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். பாதியில் 'கில்ட்' என்று நின்றால் ரேம் போதவில்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள். 2 அல்லது 1 ஆகக் குறையுங்கள்.

நிர்வாகி உரிமையோடு ஓட்ட உதவும் சூடோ, மூன்றில் கடைசிக் கட்டளையான மேக் இன்ஸ்டாலுக்கு மட்டும் போதும். நிறுவிய பின் 'ஷேர்டு ஆப்ஜெக்ட்' (லைப்ரரி) கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வந்தால், லைப்ரரிகளின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகன்ஃபிக் கட்டளையைச் சூடோவுடன் ஒருமுறை ஓட்டுங்கள். சோர்ஸ் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். பிறகு நிரலை நீக்க மேக் அன்இன்ஸ்டால் வசதி இருந்தால், அதை அங்கிருந்துதான் ஓட்ட வேண்டும்.