கடலையை வைத்து உயர் தற்சுழற்சிப் புலத்தை எண்ணுவது எப்படி?

பேராதனையில் பௌதிகவியல் படிக்கும் என் தம்பி மகள், சென்ற விடுமுறைக்கு ஹட்டன் வந்திருந்தபோது ஒரே கணக்கோடு இரண்டு இரவு மல்லுக்கட்டினாள். தற்சுழற்சி (spin) 4 உள்ள நிறையற்ற புலம். அதில் உண்மையில் சுயாதீனமாக அசையும் கூறுகள் எத்தனை என்பதே கேள்வி. விடை 2 வரவேண்டும். அவளுக்கு 3 வந்துகொண்டே இருந்தது. "பெரியப்பா, சமன்பாடே பிழையோ?" என்றாள். பிழை சமன்பாட்டில் இல்லை. ஒரு கழிவு விடுபட்டிருந்தது.

இதற்கு அவித்த கடலை ஒரு பிடியும் நான்கு கிண்ணங்களும் போதும். ஒரு கிண்ணம் நேரத்துக்கு, மூன்று வெளிக்கு. தற்சுழற்சி எத்தனையோ அத்தனை கடலை. இந்தப் புலம் ஒரு சமச்சீர் டென்சர், அதாவது பல சுட்டிகள் (index) கொண்ட ஒரு கணியம். ஒரு கடலை ஒரு சுட்டி; அது விழும் கிண்ணம் அந்தச் சுட்டி காட்டும் திசை. சமச்சீர் என்பதால் சுட்டிகளின் வரிசை பொருட்டல்ல. எந்தக் கிண்ணத்தில் எத்தனை என்பதே கணக்கு. மூன்று கடலையைப் போட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே கிண்ணத்தில் விழ 4 வழி. ஒன்றில் இரண்டும் இன்னொன்றில் ஒன்றுமாக விழ 12. மூன்றும் வெவ்வேறு கிண்ணங்களில் விழ 4. ஆக, 20 கூறுகள்.

இது கழிவுக்கு முந்திய மொத்த நிறை போலத்தான். அம்மா தேயிலைக் கொழுந்து நிறுத்த காலத்தில் சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு போன பிறகுதான் செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பெயர்ப் பதிவேட்டில், பெயருக்கு நேரே எண் விழும். அந்தக் கழிவில் நியாயம் இருந்ததா என்பது வேறு கதை. இங்கே கழிப்பதற்குக் காரணம் உண்டு.

புலத்தோடு ஒரு சார்பின் வகையீட்டைக் கூட்டினாலும் பௌதிகம் மாறாது. அந்தச் சார்பே கேஜ் (gauge) சார்பு. புலத்தைவிட அதற்கு ஒரு கடலை குறைவு. அதை இரண்டு தடவை கழிக்க வேண்டும்: கேஜைத் தெரிவுசெய்ய ஒரு தடவை, தெரிவுசெய்த பிறகும் மிஞ்சும் சுதந்திரத்துக்கு இன்னொரு தடவை. ஒளிக்கு (தற்சுழற்சி 1) 4 − 1 − 1 = 2. ஈர்ப்பலைக்கு (தற்சுழற்சி 2) 10 − 4 − 4 = 2. இதுவரை சிக்கலில்லை.

மூன்றில் அதே வழியில் போனால் 20 − 10 − 10, புலமே காணாமற்போய்விடும்! கேஜ் சார்பின் சுவடு பூச்சியமாக இருக்க வேண்டும் என்பது 1978இல் பௌதிகவியலாளர் ஃபிரான்ஸ்டால் வைத்த நிபந்தனை. சுவடு எடுப்பது என்றால் இரண்டு சுட்டிகளைச் சோடி சேர்த்து நீக்குவது. இரண்டு கடலை போய்விடும். ஆகவே சார்பு 10 அல்ல, 9. இப்போது 20 − 18 = 2.

நான்கில் புலத்துக்கு 35. கேஜ் சார்பு 20, அதன் சுவடு 4, மிச்சம் 16. 35 − 32 = 3. மகள் சிக்கிய இடம் இதுதான். ஃபிரான்ஸ்டால் புலத்துக்கும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: சுவட்டின் சுவடு பூச்சியம். நான்கு கடலையும் போய்விடுவதால் அது ஒரேயொரு எண். 34 − 32 = 2. நான்குக்குக் கீழே இரண்டு சோடி எடுக்கக் கடலையே இல்லை. அதனால்தான் அந்த நிபந்தனை அதுவரை கண்ணில் படவில்லை.

இதெல்லாம் ஒன்றோடொன்று மோதாத புலங்களுக்கு. தட்டையான வெளிநேரத்தில் தற்சுழற்சி 2ஐத் தாண்டிய நிறையற்ற துகள்கள் நெடுந்தூர விசையைத் தர முடியாது என்று 1964இலேயே பௌதிகவியலாளர் வைன்பெர்க் காட்டிவிட்டார். பின்னர் வசிலியேவ் என்ற பௌதிகவியலாளர் வளைந்த வெளிநேரத்தில், முடிவற்ற தற்சுழற்சிகளை ஒன்றாகச் சேர்த்து வழி கண்டார். அங்கே கடலை உதவாது.

ஐந்தை நீங்களே எண்ணுங்கள். புலம் 56, அதன் சுவட்டின் சுவடு 4; கேஜ் சார்பு 35, அதன் சுவடு 10. எண்ணி முடியும்வரை கடலையில் கைவைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் நான்காவது சுற்றிலேயே இரண்டு குறைந்துவிட்டது.