முற்றத்தில் கார் திருத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்ணெண்ணெயில் கார் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்து போலத்தான் கிடைக்கும். மாமா அதைச் சின்னப் போத்தல் ஒன்றில் பத்திரமாக வைத்திருப்பார். காபுரேற்றருக்குள் நாலைந்து சொட்டு விட்டு, முன்னால் கம்பியைச் செருகிச் சுழற்றினால் ஒஸ்ரின் ஏ-40 உறுமும். என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கிவிடும். ஒழுங்கை முழுக்கக் குப்பி விளக்கு மணம் அடிக்கும். பற்றரி இல்லை, ரயர் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. இருந்தும் கார்கள் ஓடின. அந்தச் சமாளிப்பில்தான் எங்கள் ஊரில் ஒரு தலைமுறையே கார் வேலை பழகியது.

அந்தக் கைகளின் மீது எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அன்றைக்குக் கார்களைக் காப்பாற்றிய அதே பழக்கம் இன்றைய கார்களைக் கெடுப்பதையும் பார்க்கிறேன். ஏ-40 மண்ணெண்ணெயில் ஓடியதற்குக் காரணம் இருந்தது. அந்த என்ஜின் எரிபொருள் கலவையை ஏழு மடங்கு அளவுக்குத்தான் அமுக்கும். இன்றைய ஜப்பான் என்ஜின்கள் பெரும்பாலும் பத்து மடங்குக்கு மேல் அமுக்குகின்றன. அதற்குள் மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் போனால் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை அடிக்கும், ஒயிலை நீர்க்கச் செய்யும், புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கருவியையும் கெடுக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது. இடையில் கைவசம் இருந்த காரைக் கட்டிக் காக்க வேண்டிய நிலை எல்லோருக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமரத்துக்குக் கீழே பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் பெடியள் கூடிவிட்டார்கள். நல்லதுதான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் உயிர். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள். எங்கள் முற்றங்கள் பெரும்பாலும் மணல் அல்லது செம்மண். ஜாக்கியின் அடி ஒரு உள்ளங்கை அளவுதான் இருக்கும். முழுப் பாரமும் அதில் இறங்கும்போது அது சத்தமில்லாமல் புதையும். ஒருநாள் ரயர் கழற்றும்போது நானே கவனித்தேன்: ஜாக்கி ஒரு பக்கமாக விரல் அகலம் சாய்ந்திருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன் நேராக நின்றது அது. அன்றிலிருந்து இரண்டு அடி நீளமான தடித்த பலகை இல்லாமல் நான் ஜாக்கியை எடுப்பதில்லை. தூக்கிய பிறகு காரைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்ட் வையுங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்தும் பழக்கம் மிக ஆபத்தானது. ஓட்டைக் கல் பாரம் தாங்குவது போல இருந்துவிட்டு, எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தையும் காரின் ஓரத்துக்குக் கீழே படுக்க வையுங்கள். எல்லாம் வழுக்கினாலும் அது தாங்கும்.

சக்கர நட்டை இறுக்கும்போது ஸ்பானரில் குழாய் செருகி ஏறி மிதிப்பதும் வேண்டாம். போல்ட் இழுபட்டு, இன்னொரு நாள் வீதியில் முறியும். சுசுக்கி வாகன்ஆருக்கு 85 நியூட்டன் மீற்றர், டொயோட்டா அக்குவாவுக்கு 103, ஹொண்டா ஃபிட்டுக்கு 108 என்று அளவு இருக்கிறது. அளவு காட்டும் ஸ்பானர் ஒன்றை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கினாலே போதும்.

இனி, நான் அடிக்கடி காணும் தவறு. காசை அதிகம் கரைப்பதும் இதுதான். கையடக்க ஸ்கானர் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. காரில் செருகிக் கைபேசியில் பார்த்தால் ஒரு எண் வரும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டு உடனே கடைக்குப் போய்விடுகிறார்கள்.

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி வந்தார். "அண்ணை, ஸ்கானர் பி0171 எண்டு காட்டுது. ஒக்சிசன் சென்சர் மாத்திப்போட்டன், திரும்ப வருது" என்றார். புதுச் சென்சருக்கு நல்ல விலை கொடுத்திருந்தார். பி0171 என்றால் கலவையில் காற்று கூடிவிட்டது, பெற்றோல் காணாது என்றுதான் பொருள். சென்சர் பழுது என்று அது சொல்லவில்லை. சென்சர் கண்டதைச் சொன்னது, அவ்வளவுதான். காற்று எங்கிருந்து கூடியது என்பதைத் தேடுவது எங்கள் வேலை. என்ஜினை ஓடவிட்டுக் காது வைத்துக் கேட்டோம். காற்றுக் குழாய் ஒன்றின் வளைவில் மெல்லிய சீறல். விரலால் வெடிப்பைப் பொத்தியதும் என்ஜினின் ஓட்டம் மாறியது. ஒரு சாண் நீள ரப்பர் குழாயோடு வேலை முடிந்தது.

இன்னொரு எண் பி0301. ஒன்றாம் சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்று பொருள். பொறி தரும் பிளக்கா, அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலா, பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரா என்று அது சொல்லாது. காசு செலவழிக்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. என்ஜினை நிறுத்தி ஆறவிடுங்கள். ஒன்றாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி இரண்டாம் சிலிண்டரில் மாட்டுங்கள், இரண்டாவதை ஒன்றில் மாட்டுங்கள். எண்ணை அழித்துவிட்டு ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இப்போது பி0302 என்று வந்தால் குற்றவாளி கொயில். கோளாறு அதோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. திரும்பவும் பி0301 என்றே வந்தால் கொயில் நல்லது. அடுத்ததாகப் பிளக்கை அதேபோல மாற்றிப் பாருங்கள். கொயிலை எடுக்கும்போது குழிக்குள் ஒயிலோ தண்ணீரோ நிற்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள், பல நேரம் விடை அங்கேயே கிடக்கும். இரிடியம் பிளக் என்றால் கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது. நுனி ஊசி போல மெல்லியது, போய்விடும்.

எண்ணைக் குறித்து வைக்காமல் அழிப்பதும், பற்றரி வயரைக் கழற்றி எச்சரிக்கை விளக்கை அணைப்பதும் நோயாளியின் துண்டைக் கிழித்துப் போடுவது மாதிரி. கராஜுக்குப் போகும்போது மெக்கானிக்குக்கு வாசிக்க ஒன்றும் மிஞ்சாது.

சரி, தண்ணீருக்கு வருவோம். இது எங்கள் மண்ணுக்கே உரிய பிரச்சினை. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைத் தொடர்ந்து காய்ச்சும் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகக் கல் மாதிரிப் பொருக்கு ஏறியிருக்கும். அதே பொருக்குத்தான் கிணற்றுத் தண்ணீர் விட்ட, என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் ஏறுகிறது. கரையோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்திருக்கும். பழைய இங்கிலாந்துக் கார்களின் ரேடியேற்றர் செம்பும் பித்தளையும்; கழற்றிப் பற்றவைத்து மீண்டும் ஓடலாம். இன்றைய ரேடியேற்றர் அலுமினியம், உப்பு அதை ஊசித் துளைகளாக அரித்துவிடும். ஆகவே கலந்து விற்கும் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தையே ஊற்றுங்கள். வழியில் அவசரமென்றால் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் கொஞ்சம் விடலாம்.

"எங்கடை வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் என்னத்துக்கு?" என்று கேட்டு அதைக் கழற்றி எறிகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். 82 பாகை அளவில் திறக்கும் அந்தச் சின்னக் கதவு என்ஜினைச் சரியான சூட்டில் வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கணினி நம்பிப் பெற்றோலைக் கூட்டி விடும். இன்னொன்றும் உண்டு. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பக்கவழி ஒன்றை மூடும். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே என்ஜினுக்குத் திரும்பும். குளிர்விக்கக் கழற்றிய பொருளாலேயே என்ஜின் கொதிக்கும்.

கொதித்து நிற்கும் காரின் ரேடியேற்றர் மூடியைத் துணி சுற்றித் திறப்பதும் வேண்டாம். மூடியின் அழுத்தத்தால் உள்ளே தண்ணீர் 120 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். திறந்த கணத்தில் அழுத்தம் போய் ஒரு பகுதி நீராவியாகிக் கொதிநீரோடு முகத்துக்கு வரும். குறைந்தது அரை மணித்தியாலம் பொறுங்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஏ-40, மொறிஸ் மைனர் போன்றவற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு, அதாவது பூமியோடு, இணைந்திருக்கும். ஜப்பான் கார்களில் எதிர்முனை. இது தெரியாமல் பழக்கத்தில் கறுப்பு வயரை உடம்பில் மாட்டி, உள்ளே பூட்டிய புது வானொலியையும் கைபேசி சார்ஜரையும் எரித்தவர்கள் உண்டு. இடையில் யாராவது டைனமோவைக் கழற்றி ஒல்ரனேற்றர் பூட்டி முனையை மாற்றியும் இருக்கலாம். அதனால் எந்த நூலையும் நம்பாமல், பற்றரியின் எந்த முனையில் இருந்து தடித்த வயர் உடம்புக்குப் போகிறது என்பதை முதலில் கண்ணால் பாருங்கள். இப்படியான பழைய காரை ஜப்பான் காரோடு வயர் இணைத்து எழுப்பவே வேண்டாம், தள்ளி எழுப்புங்கள். வயர் இணைத்திருக்கும்போது இரண்டு கார்களின் உடம்பும் ஒன்றில் ஒன்று பட்டாலே போதும், பொறி பறக்கும்.

ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. முதல் தலைமுறை அக்குவாவின் பெரிய பற்றரி 144 வோல்ற், இன்வேற்றர் என்ற மின்மாற்றுப் பெட்டி அதை 520 வரை உயர்த்தும். பலர் மறப்பது வேறொன்றை. 'ரெடி' விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை கார் உயிரோடுதான் இருக்கிறது. என்ஜின் சத்தம் இல்லையே என்று கையை உள்ளே விட்டிருக்கும்போது அது தானாக எழும்பிவிடும். காரை முழுதாக நிறுத்தி, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பிரேக் திரவம் மாற்றுவதையும் ஹைபிரிட்டில் நீங்களே செய்யாதீர்கள்; காற்றை வெளியேற்றக் கணினியின் துணை வேண்டும். அதன் சிறிய 12 வோல்ற் பற்றரியால் இன்னொருவரின் காரை எழுப்புவதும் கூடாது.

ஆனால் நீங்கள் கட்டாயம் செய்யவேண்டிய ஒரு வேலை ஹைபிரிட்டில் உண்டு. பின்சீற்றுக்குப் பக்கத்தில் ஒரு சல்லடை மூடி இருக்கும். பெரிய பற்றரி அதன் வழியாகத்தான் காரின் உள்ளிருக்கும் காற்றை இழுத்துக் குளிர்கிறது. வலிகாமத்துச் செம்மண் புழுதி அதில் கம்பளி மாதிரி அடைந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பற்றரி போய்விட்டது என்று பெரிய தொகை கேட்கப்பட்ட கார் அது. அந்தத் தூசி மாதக்கணக்காக அதைச் சூட்டில் வேகவைத்திருக்கிறது.

ஒயில் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். வெயிலுக்குத் தடித்த ஒயில் நல்லது என்று மெல்லிய 0டபிள்யூ-20 கேட்கும் என்ஜினுக்கு 20டபிள்யூ-50 விடாதீர்கள், உள்ளே இருக்கும் வழிகள் மெல்லியவை. பழைய பில்டரின் ரப்பர் வளையம் என்ஜினில் ஒட்டி நிற்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதன்மேல் புதியதைப் பூட்டினால் ஒயில் முழுவதும் வீதியில் கொட்டும். கியர்பொக்ஸ் ஒயிலைப் பெயரை வைத்து வாங்காதீர்கள். வாகன்ஆரில் சீவிடி, அதாவது பல்சக்கரப் படிகளுக்குப் பதில் பட்டியால் ஓடும் கியர்பொக்ஸ், உண்மையாகவே இருக்கிறது, அதற்குரிய ஒயில்தான் வேண்டும். அக்குவாவையும் சீவிடி என்கிறார்கள், அதற்குள் பட்டியே இல்லை, வேறு ஒயில். ஹொண்டா வெசலின் முதல் தலைமுறை ஹைபிரிட்டில் இரட்டைக் கிளச் பெட்டி.

பிரேக் குப்பியில் அளவு குறைந்தால் கைக்கு அகப்பட்ட ஒயிலை ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசமானது. ரப்பர்கள் உப்பி, முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டி வரும். டொட் 3 திரவம் புதிதாக இருக்கும்போது 205 பாகையில் கொதிக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 140 வரை இறங்கிவிடும். போன வருடம் திறந்து வைத்த பாதிப் போத்தலைப் பாவிக்காதீர்கள்.

மாரியில் வெள்ளத்துக்குள் நின்றுபோன காரைத் திரும்பத் திரும்ப எழுப்பிப் பார்ப்பதும் அப்படித்தான். தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் அது நின்றால் வளைவதோ முறிவதோ பிஸ்டனைப் பிடித்திருக்கும் இரும்புத் தண்டு. காற்று வடிப்பானைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் சாவியைத் தொடாமல் லொறியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குப் போய் வருகிறவர்கள் காரை மேலே மட்டும் கழுவுகிறார்கள். உப்பு இருப்பது கீழே. புங்குடுதீவு போய் வந்தால் அன்று மாலையே நன்னீர்க் குழாயை அடியில் பிடியுங்கள், சக்கரத்தின் மேல் வளைவுகளையும் விடாதீர்கள். பிறகு கதவுகளைத் திறந்து கீழ் விளிம்பைத் தடவுங்கள். வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும், மழைத்தண்ணீர் வடிவதற்கு. புழுதி அடைத்துக்கொண்டால் உப்புத் தண்ணீர் கதவுக்குள்ளேயே நின்று உள்ளிருந்து கறளேற்றும். கம்பி விட்டால் பெயின்ற் சுரண்டுப்படும். பனை ஈர்க்கு ஒன்றை எடுத்து ஒவ்வொரு துளையாக விட்டுப் பாருங்கள். அடைத்திருந்த துளையில் முதலில் செந்நிறமாக வடியும். தெளிந்த தண்ணீர் வரும்வரை மேலிருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள்.