மும்பையின் சிறு தமிழ்ச் சேவை மன்றங்கள்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளில் இயங்கும் சிறு சேவை மன்றங்கள் நொடித்துப்போவதற்குக் கையாடலைவிட, எந்தப் பணம் எதற்காக வந்தது என்பது நாளடைவில் மறந்துபோவதே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. சந்தா மன்றத்தை நடத்துவதற்கானது. ஜூனில் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம் வழங்கவென்று வாங்கிய நன்கொடை அந்தப் பிள்ளைகளுக்கானது. மூலநிதியில் வட்டியை மட்டுமே தொடலாம். மூன்றையும் ஒன்றாகக் கலந்து, வங்கி இருப்பை மட்டும் பார்த்துச் செலவு செய்வதே முதல் தவறு. பொங்கல் விழா மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் அவசரத்தில் நோட்டுப் புத்தக நிதியிலிருந்து கைமாற்றாக எடுத்த தொகை, பொருளாளர் மாறியதும் யார் நினைவிலும் இருப்பதில்லை. தனித்தனி வங்கிக் கணக்கு இயலாவிட்டாலும், பேரேட்டில் ஒவ்வொரு நிதிக்கும் தனிப்பக்கம் வேண்டும்.

ஆயுள் சந்தாவை வந்த ஆண்டின் வருமானமாகக் கருதிச் செலவழிப்பது எளிதில் கண்ணில் படாத தவறு. அந்த ஆண்டு கணக்கு செழிப்பாகத் தெரியும். ஆனால் அந்த உறுப்பினருக்கு இனி ஆண்டுதோறும் அனுப்பும் அழைப்பிதழுக்கும் விருந்துக்கும் அவரிடமிருந்து ஒரு காசும் வராது. ஆகவே அத்தொகையை நிரந்தர வைப்பில் இடுவதே முறை. அதுவும் மன்றத்தின் பெயரில், செயலாளரின் பெயரில் அல்ல.

மகாராஷ்டிரத்தில் 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவான அறப்பணி மன்றம், 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டத்தின்கீழும் அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரியான சாரிட்டி கமிஷனரின் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். நிர்வாகிகள் மாறினால் 90 நாட்களுக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும் என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வங்கியில் கையொப்பம் மாற்றப் போகும்போதுதான், காலமானவரின் பெயரே இன்னும் பதிவேட்டில் இருப்பது தெரியவரும்.

நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்க வழிசெய்யும் 80ஜி அனுமதி பெற்ற மன்றமாயினும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்காது. ரசீது எழுதும்போதே அதைச் சொல்லிவிடுவது நல்லது. வெளிநாட்டில் இருப்பவர்களிடம் நன்கொடை வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையுடன் வளைகுடாவில் பணிபுரிபவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட பழைய உறுப்பினர் அனுப்புவதோ, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வருவதால், அதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாத மன்றம் அதை ஏற்கக் கூடாது.