காரணம் தெரியாத மணிக்கட்டு வலி: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லடம் வட்டாரத்து விசைத்தறித் தொழிலாளர்களுக்கும் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கும் இயன்முறை சிகிச்சை அளித்து வருகிறேன். முதன்முறையாக மணிக்கட்டு வலி வந்தவர்கள், பழைய நோயாளிகள் செய்து கெட்ட அதே காரியங்களைத் திரும்பவும் செய்துகொண்டு வருவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு கொடுங்கள், கனம் தூக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுளுக்கு என்று நீவி விடுவது

"ஒன்னுமே பண்ணலைங்க, தானா வலிக்குது" என்பவரிடம் நிதானமாகப் பேச்சுக் கொடுத்தால், போன மாதம் வண்டி சறுக்கியதோ, ஈரத் தரையில் உள்ளங்கையை ஊன்றி விழுந்ததோ பல நேரங்களில் வெளியே வரும். அப்படி விழும்போது மணிக்கட்டின் 8 சிறிய எலும்புகளில் அதிகமாக முறிவது கட்டைவிரல் பக்கத்தில் உள்ள ஸ்கேஃபாய்டு. வீக்கம் பெரிதாக இல்லாமலும் விரல்கள் நன்றாக அசைந்துகொண்டும் இருக்கக்கூடும் என்பதால், எல்லோரும் அதைச் சுளுக்கு என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டும் இளைஞர் ஒருவர் விழுந்த மறுநாளே எக்ஸ்ரே எடுத்திருந்தார். படத்தில் முறிவு தெரியவில்லை. இந்த எலும்பின் மெல்லிய விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போவது உண்டு என்பதால்தான், சந்தேகம் இருந்தால் மாவுக்கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடியும் படம் எடுக்கிறார்கள். அவருடைய சீட்டிலும் மறுபடியும் வரும்படி எழுதியிருந்தது. வீட்டாரோ "எலும்பில் ஒன்றுமில்லை" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, தைலம் போட்டு நீவி, சொடக்கு எடுக்கிறவரிடம் வாராவாரம் அழைத்துப் போயிருக்கிறார்கள். இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து உள்ளே போகிறது. ஆகவே நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு இரத்தம் குறைந்து, எலும்பு கூடாமல் போவதும், அந்தத் துண்டு செத்துப்போவதும் நடக்கும். கையை ஊன்றித் தரையிலிருந்து எழக்கூட முடியாத நிலையில் வந்த அவருக்கு, இடுப்பெலும்பிலிருந்து சிறு துண்டு எடுத்து வைத்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. ஒரு மாவுக்கட்டோடு முடிந்திருக்கக்கூடிய விஷயம் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

கட்டைவிரலை நன்றாக மேலே விரித்தால் அதன் அடியில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே சிறு குழி ஒன்று தெரியும். விழுந்த பிறகு அந்தக் குழியை அழுத்தும்போது மற்றக் கையைவிட அதிகமாக வலித்தால், நீவ யாரையும் விடாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதல் படம் சரியாக இருந்திருந்தாலும் போங்கள்.

மெடிக்கலில் 'ஒரு செட் மாத்திரை'

வலி அடங்கும், கை அதே வேலையைத் தொடரும்.

எந்த வலிக்கும் ஒரே பெல்ட்

கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார்களுக்கும், கட்டைவிரலை மடக்கிப் பால் கறப்பவர்களுக்கும், நாள் முழுக்கப் பிசிறு வெட்டுபவர்களுக்கும் கட்டைவிரல் பக்கத்துத் தசைநாண் உறை தடித்து வலிப்பது உண்டு. 1895-இல் இதை விவரித்த ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வேனின் பெயரால் இந்நோய் வழங்குகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண மணிக்கட்டுப் பெல்ட் கட்டைவிரலை அசையவிட்டுவிடுவதால் இதற்குப் போதாது. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டைதான் வேண்டும். மாறாக, சுண்டுவிரலை விட்டுவிட்டு மற்ற விரல்கள் இரவில் மரத்துப்போய், கையை உதறினால் சற்றுத் தேவலை என்றிருந்தால், அது நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். அதற்கு மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் அணிவது உதவும். சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

ரப்பர் பந்தை அமுக்குவது

வலி இருக்கும்வரை வேண்டாம்.

காலை விறைப்பை வயதின் மேல் போடுவது

இரண்டு மணிக்கட்டும் வீங்கி, எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு விடாமல், வாரக்கணக்கில் நீடித்தால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காக்க முடியும்.

காய்ச்சலோடு சிவந்து வீங்கிய மணிக்கட்டுக்குப் பற்றுப் போடுவது

மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை.